நீலி ஏன் கொன்றாள்? நல்ல பாத்திரம் வில்லனாக மாறும் கணக்கு

நாகர்கோவிலில் பார்வதிபுரத்தை ஒட்டிக் கள்ளியங்காடு இருக்கிறது. இன்று அங்கே வீடுகளும் சாலையும்தான். கள்ளி பெயரில் மட்டும் மிச்சம். 2025இல் வந்த ஒரு மலையாளப் படம் இந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் கள்ளியங்காட்டு நீலியை இன்றைய நகரத்துச் சாகச நாயகியாக்கியது. படம் ஓடிய நாட்களில் குமரி மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு ஒரு குழப்பம் வந்தது. பாட்டி சொன்ன நீலி ரத்தம் குடிப்பவள். கொடை என்னும் கோவில் விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் பாடும் நீலி கொலையுண்ட அப்பாவிப் பெண். கோவிலில் நிற்பவள் பிள்ளை வரம் தரும் இசக்கியம்மை. திரையிலோ நாயகி. நாலும் ஒரே ஆள்தானா? ஒரே ஆள் என்றால், அவள் நல்லவளா கெட்டவளா?

இந்தக் கேள்விக்குப் பதில் நீலியோடு நிற்காது. கர்ணன், அசுவத்தாமன், சூர்ப்பணகை என்று வஞ்சிக்கப்பட்டோ ஒதுக்கப்பட்டோ திசை மாறிய எல்லாப் பாத்திரங்களுக்கும் அது பொருந்தியாக வேண்டும். 'பாவம், அவனுக்கு நடந்தது அப்படி, அதனால் இப்படி ஆகிவிட்டான்' என்ற விளக்கம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது பாதி விளக்கம். அதே அடியை வாங்கியும் வில்லன் ஆகாதவர்கள் நம் இலக்கியத்தில் நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

முதலில் மூன்று சொற்கள்

1. புறக்கணிப்பு. கேட்ட இடம் கிடைக்காமல் போவது. வாசலில் வந்து நிற்பவனைப் பார்த்துக் கதவைச் சாத்துவது.

2. துரோகம். கதவைத் திறந்து, பாய் விரித்து, சோறு போட்டு, அப்புறம் கழுத்தை அறுப்பது. நம்பாதவனுக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது. எதிரி குத்தினால் அதற்குப் பெயர் போர்.

3. வில்லன். ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழாகவே ஆகிவிட்ட சொல். இதன் மூலம் லத்தீனில் பண்ணை வீட்டைக் குறிக்கும் 'வில்லா'. பண்ணையில் உழைத்த குடியானவனைக் குறித்த சொல், மேட்டுக்குடியினர் வாயில் இழிசொல்லாகி, கடைசியில் கெட்டவன் என்ற பொருளில் வந்து நின்றது. ஒதுக்கப்பட்டவன் கெட்டவனாக்கப்பட்ட கதை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. (நம்மூர் வில்லுக்கும் இந்த வில்லனுக்கும் உறவில்லை.)

இந்தக் கட்டுரைக்கு மட்டும் வில்லனுக்கு ஒரு குறுகிய பொருள் வைத்துக்கொள்வோம். தன் காயத்துக்கான விலையை, அந்தக் காயத்துக்குப் பொறுப்பில்லாத ஆளிடம் வசூலிப்பவர் வில்லன். இந்த அளவுகோலை ஒவ்வொரு கதையிலும் வைத்துப் பார்க்கலாம்.

தொல்காப்பியம் அவமானத்தை எங்கே வைத்தது?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளையும்) அவை ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு காரணங்களையும் சொல்கிறது. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, சொல்லும் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பை அறுத்தல், தன்னைச் சார்ந்தவர்களுக்குத் தீங்கு செய்தல், வைதும் அடித்தும் அலைக்கழித்தல், கொல்ல முனைதல். நம் கதைகளைப் பார்த்துவிட்டு எழுதியதோ என்று நினைக்கும்படி இருக்கிறது பட்டியல். சூர்ப்பணகைக்கு நேர்ந்தது உறுப்பறை. திரௌபதிக்குச் சபையில் நேர்ந்தது அலை. நீலிக்கு நேர்ந்தது கொலை.

புறக்கணிப்பு இதில் எங்கே? இல்லை. அதைத் தேடினால் அழுகையின் பட்டியலில்தான் கிடைக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறர் இகழ்ந்து தாழ்த்துவது. அசைவு என்பது முன்பிருந்த நிலையிலிருந்து சரிவது. ஒதுக்கப்பட்டவனின் இரண்டு காயங்களும் இவைதான்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதற்கு வேறு இடம் கொடுத்தார். தகுதியில்லாமல் தன்னையோ தன்னைச் சேர்ந்தவர்களையோ அசட்டை செய்ததற்குப் பழிவாங்கும் வேட்கைதான் கோபம் என்று அவர் வரையறுத்தார். வெளியாளைவிட நண்பன் அசட்டை செய்தால் கோபம் கூடும் என்றும் சொன்னார். அவர் கணக்கில் அவமானம் நேராகக் கோபத்தில் போய் விழுகிறது. தொல்காப்பியத்தின் கணக்கில் அது முதலில் அழுகை. எனக்குத் தொல்காப்பியம்தான் சரியென்று படுகிறது. ஏனென்றால் நம்மிடம் இருக்கும் பெரிய கதைகள் எல்லாவற்றிலும், வில்லனாகப் போகும் ஆள் முதலில் அழுகிற ஒரு இடம் இருக்கிறது. அந்த அழுகைக்கும் வெகுளிக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

நீலி: மடியும் கள்ளியும்

வில்லுப்பாட்டாகப் பாடப்படும் நீலி கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதன் எலும்புக்கூடு இது.

பழகைநல்லூரில் கோவில் தாசி ஒருத்தியின் மகள் லட்சுமி. கோவிலில் பூசை செய்யும் பிராமண இளைஞன் அவள் வீடே கதியென்று கிடக்கிறான். கையில் பொருள் இருக்கும்வரை தாய்க்கிழவி உபசரிக்கிறாள். தீர்ந்ததும் வெளியே தள்ளுகிறாள். அவன் ஊரைவிட்டே கிளம்புகிறான். லட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. போட்டிருந்த நகைகளோடு அவன் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொள்கிறாள். நடந்த களைப்பில், கள்ளிக்காட்டில், அவன் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடுகிறாள். அவன் பக்கத்து மணலைக் கையால் கூட்டி, தலையணை மாதிரிக் குவித்து, அவள் தலையை மெல்ல எடுத்து அதில் வைக்கிறான். அப்புறம் கல்லைத் தூக்கிப் போடுகிறான். சாகும்போது அவள் சாட்சிக்குக் கூப்பிட அங்கே இருந்தது ஒரு கள்ளிச்செடி. தங்கையைத் தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிர்விடுகிறான். நகை மூட்டையோடு போனவனைப் பாம்பு கடிக்கிறது.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. இந்தக் கதையில் முதலில் புறக்கணிக்கப்பட்டவள் லட்சுமி இல்லை, அந்தப் பிராமணன். அவனைத் தள்ளியவள் தாய். அவனைத் தள்ளாத ஒரே ஆள் மகள். அவனோ தாயிடம் தீர்க்க வேண்டிய கணக்கை மகளிடம் தீர்த்தான். நம் அளவுகோல்படி கதையின் முதல் வில்லன் அவன்தான். அவனுக்கும் 'பாவம், அவனை விரட்டிவிட்டார்களே' என்ற நியாயம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

பாட்டு மேலே போகிறது. அண்ணனும் தங்கையும் சோழ அரசனுக்கு நீலன், நீலி என்று பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள். இரவில் ஆடு மாடுகள் காணாமல் போகின்றன. பிள்ளைகளின் வேலைதான் என்று தெரிந்ததும் அரசன் இருவரையும் காட்டில் விட்டுவிடச் சொல்கிறான். போன பிறவியில் காதலன் கைவிட்டான். இந்தப் பிறவியில் பெற்ற தகப்பன். பிராமணன் ஆனந்தன் செட்டி என்ற வணிகனாகப் பிறந்து, காவலுக்கு ஓர் ஆயுதத்தோடு அதே வழியில் வருகிறான். நீலி கள்ளியில் ஒரு கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போகிறார்' என்று அழுதபடி அவனைத் தொடர்கிறாள்.

பழகைநல்லூர் அம்பலத்தில் எழுபது வேளாளர் கூடி வழக்கைக் கேட்கிறார்கள். குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராகப் போய்ச் செட்டியின் மடியில் ஏறி உட்கார்கிறது. எந்த மடியில் அவள் நம்பித் தூங்கினாளோ அதே மடியில், எந்தக் கள்ளி சாட்சியாக நின்றதோ அதே கள்ளி. இந்த இடத்தைக் கட்டிய புலவர் யாராக இருந்தாலும் அவர் பெரிய ஆள்.

எழுபது பேருக்கும் அதற்குமேல் சந்தேகமில்லை. செட்டி கெஞ்சுகிறான், இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று. உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு என்று வாக்குக் கொடுத்து, ஆயுதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் இரவு தங்கவைக்கிறார்கள். விடிந்தால் செட்டி பிணம். தொண்டை மண்டலத்துப் பழையனூர் நீலி கதையில் அந்த எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டுத் தேவாரத்தில் ஞானசம்பந்தர் இந்த வஞ்சக்கொலையைக் குறிப்பிடுவதால் கதை ஏழாம் நூற்றாண்டுக்கும் முந்தியது. தென்பகுதிப் பாடல்கள் சிலவற்றில் அண்ணன் நீலனின் இரண்டாவது சாவுக்கும் அந்த எழுபது பேர் பொறுப்பாகிறார்கள்; அதனால் அவர்களிடமும் அவளுக்குக் கணக்கு உண்டு.

லட்சுமி உண்மையாகவே கொலையுண்டபோது கேட்க ஆளில்லை, ஒரு செடிதான் இருந்தது. அவள் பொய் சொல்ல வந்தபோது எழுபது பேர் உட்கார்ந்து கேட்டார்கள்.

மாற்றம் நடக்கும் படிகள்

நீலியை வைத்தே படிகளைப் பிரித்துவிடலாம்.

1. பற்று. பாத்திரம் எதையாவது முழுதாக நம்பியிருக்க வேண்டும். பாதி நம்பிக்கையோடு இருப்பவன் அடிபட்டால் அலுத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பான்.

2. அடி. புறக்கணிப்போ துரோகமோ. இந்தப் படியோடு பெரும்பாலான 'வில்லனின் பின்கதை'கள் நின்றுவிடுகின்றன.

3. முறையீடு. அடிபட்ட ஆள் எங்காவது போய்ச் சொல்ல முயல்வார். அரசவை, அம்பலம், அம்மா, யாராவது. கேட்டால் கதை அங்கேயே வேறு வழியில் போகும். கேட்காவிட்டால் அழுகை இறுகிவிடும்.

4. கணக்கு இடம் மாறுவது. கடன்பட்டவன் கைக்கு எட்டாமல் போகிறான், அல்லது பலமாக இருக்கிறான், அல்லது செத்தே போகிறான். அப்போது வசூல் பக்கத்தில் கிடைத்தவர் மேல் பாய்கிறது.

மூன்றாவது படிக்கு வெளியிலிருந்து ஒரு நல்ல உதாரணம் 1818இல் மேரி ஷெல்லி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்'. விக்டர் படைத்த உயிர், படைத்தவனே வெறுத்து ஓடியதும் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்து வாழ்கிறது. அந்தக் குடும்பத்துக்கு ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் விறகு சேர்த்துப் போடுகிறது. அவர்கள் பேசுவதைக் கேட்டே பேசக் கற்கிறது. கடைசியில் துணிந்து உள்ளே போய், கண் தெரியாத பெரியவரிடம் பேசுகிறது. அவர் கேட்கிறார். பார்வை இல்லாததால் கேட்க முடிகிறது. அதற்குள் மகன் வந்து தடியால் அடித்து விரட்டுகிறான். அதற்குப் பிறகு அது கொல்லும் முதல் ஆள் ஒரு சிறுவன், விக்டரின் தம்பி. மூன்றாவது படி உடைந்ததும் நான்காவது படி.

எல்லாக் காயமும் உண்மைக் காயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷேக்ஸ்பியரின் இயாகோ, பதவி தனக்கு வராமல் காசியோவுக்குப் போனதைக் காரணமாகச் சொல்கிறான். பிறகு மனைவி மேல் சந்தேகம் என்கிறான். காரணம் மாறிக்கொண்டே இருப்பதிலேயே தெரிகிறது, அவன் காயத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டவன்.

ஒரு வாசலில் தொடங்கி ஒரு பாசறையில் முடிந்தது

கணக்கு இடம் மாறுவதை மகாபாரதம்போல் நீளமாகக் காட்டிய கதை வேறில்லை. துரோணரும் துருபதனும் ஒன்றாகப் படித்தவர்கள். அரசனானால் என் நாடு உனக்கும்தான் என்று சொன்னவன் துருபதன். வறுமையில் துரோணர் போய் நின்றபோது, அரசனுக்கும் ஆண்டிக்கும் என்ன நட்பு, சமமானவர்களுக்குள்தான் நட்பு என்று திருப்பி அனுப்புகிறான். அதற்குப் பிறகு:

1. துரோணர் தானே போய்ப் போரிடவில்லை. குருதட்சிணையாக மாணவர்களைக் கொண்டு துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்து, பாதி நாட்டை எடுத்துக்கொள்கிறார். 'இப்போது நாம் சமம்.'

2. துருபதன் வேள்வி செய்து, துரோணரைக் கொல்வதற்கென்றே ஒரு மகனைப் பெறுகிறான்: திருஷ்டத்யும்னன். அதே வேள்வியில் திரௌபதியும்.

3. பதினைந்தாம் நாள் போரில், அசுவத்தாமன் இறந்தான் என்று தருமன் வாயாலேயே சொல்லவைத்து (செத்தது அந்தப் பெயருள்ள யானை), ஆயுதத்தைக் கீழே போட்ட துரோணரின் தலையைத் திருஷ்டத்யும்னன் வெட்டுகிறான்.

4. பதினெட்டாம் நாள் இரவு அசுவத்தாமனுக்குத் தூக்கம் வரவில்லை. ஆலமரத்தில் தூங்கும் காக்கைகளை ஓர் ஆந்தை ஒவ்வொன்றாகக் கொல்வதைப் பார்க்கிறான். அதுவரை அவனிடம் இல்லாத யோசனை அங்கே பிறக்கிறது. தூங்குபவரைக் கொல்வது அறமில்லை என்று மாமன் கிருபர் எடுத்துச் சொல்கிறார். கேட்கவில்லை. பாசறைக்குள் போய் முதலில் திருஷ்டத்யும்னனைக் கொல்கிறான். அதுவரைக்கும் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது என்று சொல்லலாம். பிறகு திரௌபதியின் ஐந்து பிள்ளைகள்.

அந்த ஐந்து பேரும் துருபதனின் பேரப்பிள்ளைகள். தாத்தா தன் வாசலில் ஒரு ஏழை நண்பனிடம் சொன்ன சொல்லுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போர் முழுக்க அசுவத்தாமனை யாரும் வில்லன் என்று சொன்னதில்லை. அந்த ஒரே இரவுக்குப் பிறகு அவன் வேறு ஆள். சாகவும் முடியாமல் அலையும்படி கண்ணன் சபிக்கிறான்.

கர்ணன் வழக்கு

கர்ணன் என்றால் தமிழர்களுக்கு மனம் இளகிவிடும். ஆற்றில் விட்ட தாய், 'உன் குலம் என்ன?' என்று கேட்டு வாயடைத்த அரங்கம், தேரோட்டி மகனென்று பழித்த பீமன். புறக்கணிப்புக்கு அவனைவிடப் பெரிய உதாரணம் இல்லை. நன்றிக்காக உயிர் கொடுத்ததும் உண்மை.

ஆனால் சூதாட்டச் சபையை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். வியாச பாரதத்தில் திரௌபதியைப் பரத்தை என்று சொல்பவனும், அவள் ஆடையைக் களையச் சொல்லித் துச்சாதனனைத் தூண்டுபவனும் கர்ணன்தான். பிறப்பைச் சொல்லி அரங்கில் தன்னைக் கூனிக் குறுகவைத்தவர்கள் மீதான கணக்கை, இழுத்துவரப்பட்டு நிற்கும் ஒரு பெண்ணிடம் தீர்க்கிறான். அந்த நிமிடம் அவன் வில்லன். பிற்பாடு கண்ணனிடம் பேசும்போது, துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னதற்காக வருந்துகிறேன் என்கிறான். அசுவத்தாமனுக்கும் இவனுக்கும் உள்ள தூரம் அந்த வருத்தம்தான்.

சூர்ப்பணகை வழக்கு இதைவிடச் சிக்கல். இராமன் மறுத்தது புறக்கணிப்பு; இலக்குவன் மூக்கறுத்தது உறுப்பறை, வெகுளிப் பட்டியலின் முதல் சொல். கம்பன் அவளைக் காதல் நோயில் ஓர் இரவு முழுக்க உருகவிட்டுத்தான் அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறான். அவள் இராவணனிடம் போய்ச் சீதையின் அழகைச் சொல்லி ஆசை மூட்டுகிறாள். வசூல் சீதையிடம் நடக்கிறது. சீதை அவளை ஒன்றும் செய்யவில்லை. உத்தர காண்டத்தின்படி அவள் கணவன் வித்யுஜ்ஜிக்வனைப் போரில் கொன்றவன் அண்ணன் இராவணனே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இலங்கை எரிந்ததில் யாருடைய கணக்கு தீர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதே அடி, வேறு முடிவு

அம்பையை மூன்று பேர் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். பீஷ்மர் தூக்கிவந்தார். காதலன் சால்வன், வேறொருவன் வென்ற பெண் எனக்கு வேண்டாம் என்றான். திரும்பி வந்தால் விசித்திரவீரியனும் ஏற்கவில்லை, பீஷ்மருக்கோ விரதம். அவள் தவம் செய்து, மறுபிறவியில் சிகண்டியாகப் பத்தாம் நாள் போரில் பீஷ்மர் முன் நிற்கிறாள். பீஷ்மரைத் தவிர வேறு யாரையும் அவள் குறிவைக்கவில்லை. அதனால்தான் அவளை யாரும் வில்லி என்பதில்லை.

கண்ணகி மதுரையையே எரித்தவள். ஆனாலும் தீக்கடவுளுக்கு அவள் ஒரு பட்டியல் கொடுக்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ. அந்தப் பட்டியலில் இன்றைய வாசகருக்குக் கேள்விகள் வரும், வரட்டும். ஊரே எரியும்போதும் யாரைத் தொடக் கூடாது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்பதுதான் இங்கே முக்கியம். அதோடு அவள் முறையிட்டாள், அரசன் கேட்டான், தவறு தெரிந்ததும் உயிரையே விட்டான். மூன்றாவது படி அங்கே உடையவில்லை.

மூன்றாவது ஆள் நம் மாவட்டத்துக்கே பெயர் கொடுத்த கன்னியாகுமரி அம்மன். சுசீந்திரத்து ஈசன் நள்ளிரவில் மாப்பிள்ளையாகக் கிளம்புகிறார். கன்னியால் மட்டுமே சாக வேண்டிய பாணாசுரன் தப்பிவிடக் கூடாதே என்று நாரதர் வழியில் சேவலாகக் கூவுகிறார். முகூர்த்தம் தவறிவிட்டது என்று ஈசன் வழுக்கம்பாறையோடு திரும்பிவிடுகிறார். கரையில் மணப்பெண் காத்திருக்கிறாள். தேவர்கள் காரியத்துக்காக அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். துரோகம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அவள் கோபத்தில் சபித்தது விருந்துக்குக் குவித்திருந்த அரிசியையும் தானியங்களையும். அவை மணலாகிப் போயின. குமரிக் கடற்கரையில் அரிசி போன்ற வெள்ளை மணலையும் நிற மணலையும் பொட்டலம் போட்டு விற்பது அந்தக் கதையின் மிச்சம். பிறகு பெண் கேட்டு வலுக்கட்டாயம் செய்த பாணாசுரனைக் கொல்கிறாள். நவராத்திரி முடிவில் மகாதானபுரத்தில் நடக்கும் பரிவேட்டை அதைத்தான் நடித்துக் காட்டுகிறது. கோபம் சோற்றின் மேலும் அசுரன் மேலும் போனது, வேறு யார் மேலும் போகவில்லை.

சொல்பவர் யார்?

அளவுகோல் ஒன்றுதான் என்றாலும், கதையை எந்த முனையிலிருந்து தொடங்குகிறோம் என்பது தீர்ப்பை மாற்றிவிடும். திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம், அரசனின் சகோதரி மகன்தான் அடுத்த அரசன். அதனால் அரசர் ராமவர்மாவின் மக்களான தம்பிமாருக்கு அரியணை இல்லை. 1729இல் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டமேறினார், தம்பிமார் எதிர்த்தார்கள், கொல்லப்பட்டார்கள். 1891இல் வந்த சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' மலையாள நாவலில் மூத்த தம்பி அப்பட்டமான வில்லன். குமரி மாவட்டத்தில் பாடப்பட்ட தம்பிமார் கதைப் பாடலில் அதே தம்பிமார் வஞ்சித்துக் கொல்லப்பட்டவர்கள். நாவல் மூன்றாம் நான்காம் படிகளிலிருந்து தொடங்குகிறது. பாட்டு முதல் இரண்டு படிகளில் நின்று நிதானிக்கிறது.

நீலிக்கும் இதுவே நடந்தது. மலையாள மாந்திரீகக் கதைகளில் அவள் இரவு வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்கும் அழகி. கடமற்றத்துக் கத்தனார் என்ற மாந்திரீகப் பாதிரியார் அவளை அடக்குவதுதான் அங்கே கதை, அவர்தான் நாயகன். லட்சுமி என்ற பெயரே அங்கே வராது. சமணர்கள் வேறு வேலை செய்தார்கள். 'நீலகேசி' காப்பியத்தில் சுடுகாட்டில் தவமிருக்கும் முனிவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி வருகிறாள். அவர் பயப்படாமல் அவளோடு பேசுகிறார். அவள் மனம் மாறி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்யும் தத்துவவாதியாகிறாள். பேயை உட்கார்த்திப் பேசினால் என்ன ஆகும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். இசக்கி என்ற பெயரே இயக்கியிலிருந்து வந்தது, இயக்கி சமண மரபின் யட்சி. சிதறால் மலையில் சமணச் சிற்பங்களும் பகவதி வழிபாடும் ஒரே பாறையில் இருக்கிற மாவட்டத்தில் இது அதிசயமில்லை.

கொடை என்ன செய்கிறது?

சரி, கொலைகாரிக்கு ஏன் கோவில்? குமரி மாவட்டத்துக் கொடையைப் பார்த்தால் விடை கண் முன்னால் இருக்கிறது. இங்கே மாடன், இசக்கி, வாதை என்று வணங்கப்படுபவர்களில் கணிசமானோர் அநியாயமாகச் செத்தவர்கள். வெட்டுப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள். செத்தபின் ஊரை அலைக்கழித்தவர்கள். ஊர் அவர்களை விரட்டவில்லை; பீடம் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை கொடை கொடுத்து, அவர்கள் கதையை முதலிலிருந்து கடைசிவரை பாடவைத்தது. வில்லு, வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், கட்டை. நாயகி பேயாவது பாதிக் கதையில்தான். அதற்கு முன்னால் அவள் பிறந்தது, வளர்ந்தது, ஒருத்தனை நம்பியது எல்லாம் மணிக்கணக்கில் பாடியாக வேண்டும். அவசரப்பட்டுத் தாண்ட முடியாது.

பாட்டு கொலைக்கட்டத்துக்கு வரும்போதுதான் பல கோவில்களில் கோமரத்தாடி (சாமியாடுபவர்) மேல் அருள் வரும். உடுக்கை ஏறும், பின்பாட்டு உரக்க வரும், அவர் நடுங்கத் தொடங்குவார். அந்த நேரம் ஊர் அவர் சொல்வதைக் கேட்டு நிற்கும். மூன்றாவது படியில் அன்று நடக்காமல் போனது இப்போது நடக்கிறது, கள்ளி இருந்த இடத்தில் ஊரே நிற்கிறது. இதனால் நீலி செய்த கொலைகள் இல்லையென்று ஆகிவிடாது. வில்லுக்காரர் செட்டி கெஞ்சுவதையும் சேர்த்துத்தான் பாடுவார். செட்டிக்குப் போன பிறவி ஞாபகம் இல்லை, தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே சாகிறான் என்பதையும் கூட்டம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே, இசக்கியம்மன் கோவில் இருக்கிறது. இசக்கி சிலைகளில் கோரைப்பல் உண்டு, உருட்டிய விழி உண்டு, இடுப்பில் ஒரு குழந்தையும் உண்டு. பொய்வழக்குக்காகக் கள்ளியை ஒடித்துச் செய்த குழந்தை அது என்று பாட்டுத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளையில்லாத பெண்கள் அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் வேண்டிக்கொண்டு, சின்ன மரத்தொட்டிலைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.